பதினேழு குரோட்டனும் ஒரு திருட்டும்

பூண்டுலோயாவுக்குக் கீழே, கொத்மலைப் பக்கமாகச் சரிந்து இறங்குகிற பாறைக்காட்டுத் தோட்டத்தில் சோலைமலை என்று ஒருவர் இருந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். வளர்ந்த செடியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்து விடுகிற அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர் என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. பேர் விழுந்தால், அன்றைய கூலிக் கணக்கு விழுந்தால் போதும் என்று வெட்டினார். அவருடைய உயிர் வேறு இடத்தில் இருந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில் கடைசிக் காம்பரா, கடைசி அறை, அவருடையது. அதன் வாசலில்தான் அந்த உயிர் மஞ்சளும் சிவப்புமாக இலை விட்டுக்கொண்டிருந்தது.

சோலைமலைக்குப் பச்சை ஆகாது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய தலையெழுத்து வேண்டுமா? மலை பச்சை, பள்ளம் பச்சை, கவ்வாத்துக் கத்தியில் ஒட்டுகிற சாறு பச்சை. கொழும்பிலிருந்து கார் எடுத்து வருகிறவர்கள் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பச்சையை வாய் பிளந்து பார்ப்பார்கள். சோலைமலைக்கு அதைப் பார்த்தால் கொட்டாவி வரும். கல்யாணத்தன்று நாகலெட்சுமி பச்சைச் சேலையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, "இதுலயுமா?" என்று அவர் முணுமுணுத்ததாக லயத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

முதல் குரோட்டனை அவர் பார்த்தது தலவாக்கலையில், ஸ்டேசன் மாஸ்டர் வீட்டு வேலியோரம். ஊருக்குப் போகிற சித்தப்பாவை ரயிலேற்றிவிடப் போனவர், ரயிலையும் சித்தப்பாவையும் மறந்துவிட்டு அந்தச் செடி முன்னால் நின்றார். பச்சை இலையில் யாரோ மஞ்சள் கரைத்துத் தெளித்த மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. ஸ்டேசன் மாஸ்டரிடம் கையைக் கட்டிக்கொண்டு ஒரு கிளை கேட்டார். நல்ல மனிதர், கொடுத்தார். நட்டார். அழுகிப் போனது. மறுபடி போய்க் கேட்டார், மறுபடி கொடுத்தார், மறுபடி அழுகியது. மூன்றாவது முறை போனபோது வீட்டில் ஆள் இல்லை. அங்கும் இங்கும் பார்த்துவிட்டு ஒரு சாண் கிளையை ஒடித்துக் குடைக்குள் போட்டுக்கொண்டு வந்து நட்டார். அது துளிர் விட்டது.

அன்றோடு சோலைமலைக்கு ஒரு சட்டம் பிறந்தது. குரோட்டன் கிளையைக் கேட்டு வாங்கினால் வேர் விடாது, திருடினால்தான் விடும். அவர் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ரோசாக் குச்சி நடுகிற பெண்கள் எல்லாரும் சொல்கிற விஷயம்தான் அது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், இவர் சாமி சத்தியமாக நம்பினார்.

நுவரெலியாக் குளிருக்குக் குரோட்டன் உருப்படாது. இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். பாறைக்காடு தாழ்ந்த இடம், வெயில் விழுகிற முகம். அதனால் சோலைமலையின் வாசலில் செடிகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிளம்பின. தபால் கந்தோரில் ஒன்று, டிஸ்பென்சர் ஐயா வீட்டில் ஒன்று என்று கிளைகள் வந்து சேர்ந்தன. பொலிஸ் ஸ்டேசன் வளவில் காவலுக்கு நின்ற ராலாமியிடம் சிங்களத்தில் நேரம் கேட்டு, அவர் உள்ளே கடிகாரம் பார்க்கப் போன இடைவெளியில் ஒடித்ததுதான் அவருக்கு ரொம்பப் பெருமை. மகள் மீனம்மாவை டிக்கோயாப் பக்கம் கட்டிக் கொடுத்தபோது, சம்பந்தி வீட்டு விருந்தை முடித்துக் கை கழுவுகிற சாக்கில் அங்கேயும் ஒரு கிளை. அதற்குச் 'சம்பந்தி' என்றே பேர். நல்ல வெயிலில் சோலைமலை கறுப்புக் குடையை மடக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினால், அன்றைக்கு யார் வீட்டு வேலியோ குறையப்போகிறது என்று லயமே தெரிந்து வைத்திருந்தது.

ஆனால் அவரிடம் ஒரு நேர்மை உண்டு. ஒரு சாண் கிளைக்கு மேல் ஒடிக்கமாட்டார். ஒரு வீட்டில் இரண்டு தரம் கை வைக்கமாட்டார். தன்னிடம் இருக்கிற இனத்தைத் திரும்ப எடுக்கமாட்டார். கோழி திருடுகிறவர்களைக் கண்டால் காறித் துப்புவார்.

இனம் என்பதில் அவர் வெகு கறார். கத்தி மாதிரி நீண்ட இலைக்காரர்கள் ஒரு கூட்டம், கயிறு முறுக்கின மாதிரி திருகின இலைக்காரர்கள் ஒரு கூட்டம், வாத்துக்கால் மாதிரி விரிந்தவர்கள் ஒரு கூட்டம். ஒரு கூட்டத்துக்குள்ளேயே மஞ்சள் நரம்பு வேறு, சிவப்பு நரம்பு வேறு. யாராவது வாசலில் நின்று, "எல்லாம் குரோட்டன்தானே அண்ணே?" என்று கேட்டுவிட்டால் போச்சு. வந்த காரியத்தை மறந்து அவர்கள் வீடு திரும்பும்வரை விளக்கம் நடக்கும். ஒரு செடிக்கு மட்டும் 'கணக்கப்பிள்ளை' என்று பேர் வைத்திருந்தார். "தளிர்ல ஒரு நெறம், முத்தினா ஒரு நெறம். தொரை முன்னாடி ஒண்ணு, நம்ம முன்னாடி ஒண்ணு" என்பார். இது கணக்கப்பிள்ளை அழகுமுத்துவின் காதுக்குப் போகாமல் இருக்குமா?

நாகலெட்சுமிக்கு இதெல்லாம் மானக்கேடு. அவளுடைய அப்பா மாரியம்மன் கோயில் உண்டியல் சாவியைக் கடைசிவரை இடுப்பில் வைத்திருந்தவர். பக்கத்து வீட்டுக் கோழி தன் வாசலில் முட்டையிட்டால், சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவள் அவள். கொழுந்து மலையில் யாராவது "குரோட்டன் பொண்டாட்டி" என்று கூப்பிட்டால் அன்று முழுக்க வாய் திறக்கமாட்டாள். புருஷனோடு எத்தனையோ தரம் மல்லுக்கு நின்று பார்த்தாள். கடைசியில் ஒரே ஒரு பிடிவாதத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

"திருட்டுச் செடிக்கு என் கையால ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டேன். அது காஞ்சா காயட்டும்."

சொன்னபடியே இருந்தாள். அரிசி களைந்த தண்ணீரைக் கூடச் செடிகளைத் தாண்டிப் போய் வடிகால் கானில்தான் ஊற்றுவாள்.

இந்த லட்சணத்தில்தான் தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தார். கூட வந்த துரைசாணி செடிப் பைத்தியம். கொழும்பிலிருந்து ஒரு தொட்டியில் அவள் கொண்டுவந்த குரோட்டனைச் சோலைமலை பார்த்தது, பங்களா வேலி வெட்டப் போன ஒரு காலையில். இலை பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. அப்புறம் வெறும் நரம்பு மட்டும் நூலாக இறங்குகிறது. அந்த நூலின் நுனியில் இன்னொரு குட்டி இலை தொங்கி ஆடுகிறது. காற்று வந்தால் செடி முழுக்க ஆட்டம். சோலைமலை கிட்டே போய்க் குனிந்தார். வேலி வெட்டுவதை விட்டுவிட்டு, "ஜிமிக்கி" என்று அங்கேயே பேர் வைத்துவிட்டார். பேர் வைத்தாகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

அந்தச் செடியைத் துரைசாணி சித்திரைக்கு நுவரெலியாவில் நடக்கிற பூக்காட்சிக்காக வளர்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. நல்ல வெயிலில் குடையோடு போனார், உச்சிக் கிளையைக் குடைக்குள் போட்டார், திரும்பினார். பங்களாப் படிக்கட்டில் அழகுமுத்து நின்றுகொண்டிருந்தான். கிளையை அங்கேயே பிடுங்கிக்கொண்டான்.

மறுநாள் சாயந்தரம், கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஆபீஸ் வாசலில் விசாரணை. கூடையை இறக்காமலே பெண்கள் நின்றார்கள். கவ்வாத்துக் கும்பல் ஒருபக்கம். துரையும் துரைசாணியும் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சோலைமலை பக்கம் பேச யூனியன் தலைவர் வீரபத்திரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"சோலைமலை, செடி வெட்டினது நீதானா?" என்று துரை கேட்டார்.

"நான்தாங்க தொரை."

"ஏன் கேக்கல்ல?"

"கேட்டா பிடிக்காதுங்க தொரை."

துரைக்கு இது விளங்கவில்லை. அதற்குள் அழகுமுத்து முன்னால் வந்தான்.

"இது ஒண்ணு மட்டும் இல்லீங்க தொரை. இவன் காம்பரா வாசல்ல பதினேழு நிக்குது. பதினேழும் களவுச் செடி. எந்தெந்த வீட்டுல எடுத்ததுன்னு அவனே பேரு சொல்லிக் காட்டுவான், கேட்டுப் பாருங்க."

துரை கேட்டார். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். யாரோ தன் செடிகளைப் பற்றி விசாரிக்கிறார்களே என்ற பூரிப்பில் சோலைமலை ஸ்டேசன் மாஸ்டரில் தொடங்கிவிட்டார். பொலிஸ் ஸ்டேசனுக்கு வந்தபோது துரையின் முகம் சிவந்தது. சம்பந்திக்கு வந்தபோது வீரபத்திரன் தலையில் கை வைத்தார்.

"பதினேழு தரம் களவெடுத்தவன் என் தோட்டத்துல இருக்க ஏலாது" என்றார் துரை. "நாளைக்குப் பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டுக் கொடுத்தால் வேலை மட்டும் போகாது, காம்பராவும் போகும். புருஷன் பேரை வெட்டினால் பெண்சாதி பேரையும் வெட்டுவார்கள். இருபது வருஷம் கொழுந்து பறித்த நாகலெட்சுமி சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். பத்துச்சீட்டு வாங்கினவனை வேறு தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். எங்கே போவது, டிக்கோயாவில் சம்பந்தி வீட்டுக்கா? 

வீரபத்திரன் சுற்றிலும் பார்த்தார். வராந்தா ஓரத்தில் சண்முகராஜா நின்றிருந்தான். நுவரெலியாவில் கடை வைத்திருக்கிறவர் மகன், தலவாக்கலைப் பக்கம் தேயிலை ஆராய்ச்சிப் பாத்திகளில் வேலை. கொழுந்தில் கொப்புளம் விழுகிற நோயைப் பார்க்க வந்தவன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீங்க செடிகொடி படிச்சவரு. இந்தப் பதினேழும் என்னென்ன வகைன்னு தொரைகிட்ட சொல்லுங்க" என்றார் வீரபத்திரன். எதையாவது பேசி நேரத்தை ஓட்டினால் துரையின் கோபம் கொஞ்சம் ஆறும் என்பதுதான் அவர் கணக்கு.

சண்முகராஜா கூச்சத்தோடு தொண்டையைச் செருமினான்.

"வரும்போது லயத்து வாசல்ல பாத்தேங்க. பதினேழு வகையெல்லாம் இல்லைங்க. எல்லாம் ஒரே வகைதான்."

"என்னது?" என்றார் சோலைமலை.

"இலை மட்டுந்தான் அண்ணே வேற வேற. பூவைப் பாத்தா எல்லாம் ஒண்ணு. ஒரு வயித்துல பொறந்தது ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செவப்பா இருக்கறதில்லையா? சில நேரம் ஒரே செடியில ஒரு கிளை மட்டும் வேற மாதிரி இலை விடும். ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் எல்லாம் இதுக்குச் சொந்தக்காரங்க. ஒடிச்சா பால் வடியுது பாருங்க." கூச்சம் போய் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இன்னொண்ணு. இது குரோட்டனே இல்லைங்க. மொதல்ல வகை பிரிச்ச பெரியவர் குரோட்டன்லதான் சேர்த்தார். பின்னாடி வந்தவங்க அது தப்புன்னு கண்டு, கோடியேயம்னு தனியா வச்சிட்டாங்க. சனங்க பழைய பேரை விடல. நெசமான குரோட்டன்ல நமக்குத் தெரிஞ்சது நேர்வாளம்."

"பேதி மருந்தா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

பெண்கள் கூடையோடு குலுங்கினார்கள். இத்தனை வருஷம் பேதிக் கொட்டையின் பேரைச் சொல்லியா இந்த ஆள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்!

"இதோட சொந்த ஊர் எதுங்க?" என்று வீரபத்திரன் கேட்டார்.

"இந்த ஊர் இல்லைங்க. கிழக்கே தீவுகள்ல இருந்து கப்பல்ல வந்தது. வந்து ரொம்பக் காலம் ஆச்சு."

"அதுக்கு ஓட்டு உண்டா?" என்றது பின்னாலிருந்து அதே குரல். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று சொல்லி, தோட்டத்துச் சனங்களுக்கு ஓட்டு இல்லை என்று ஆக்கிச் சில வருஷந்தான் ஆகியிருந்தது. இந்தத் தடவை சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது.

வீரபத்திரன் அந்த இடைவெளியில் புகுந்தார். அவர் மண்டையில் ஒரு வெளிச்சம் அடித்திருந்தது.

"தொரை, கேட்டீங்கள்ல? பதினேழும் ஒண்ணுதான். ஒரே செடியைத்தான் இவரு எடுத்திருக்காரு. அப்ப களவும் ஒண்ணுதானே? ஒரு களவுக்குப் பத்துச்சீட்டுக் குடுத்தா யூனியன் பாத்துக்கிட்டு இருக்குமா?"

இதில் நியாயம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். துரைசாணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். துரையும் மீசைக்குள் எதையோ அடக்கினார். ஒரு கிளைக்காக ஸ்ட்ரைக் வந்தால் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்றும் அவர் யோசித்திருப்பார். சோலைமலை பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. ஒண்ணா, பதினேழா?"

ஒன்று என்று சொன்னால் தீர்ந்தது. கூட்டம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. சோலைமலைக்கோ காதில் பாதி விழவே இல்லை. அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒண்ணாம்! ராலாமி முதுகுக்குப் பின்னால் ஒடித்த செடியும் சம்பந்தி வீட்டுக் கை கழுவுமிடத்தில் ஒடித்த செடியும் ஒண்ணாம்! பச்சையைத் தவிர ஒன்றும் இல்லாத இந்த மலையில் பதினேழு நிறத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். பத்துச்சீட்டைக் காட்டிலும் இது பெரிய அடி.

"தொரை, அந்தத் தம்பி படிச்சவரு, நான் இல்லேங்கல. ஆனா அவரு இந்தச் செடிங்களோட பழகல. இது..."

"ஐயையோ" என்று வீரபத்திரன் வாய்க்குள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

சோலைமலை பேசிக்கொண்டே திரும்பியபோது நாகலெட்சுமியைப் பார்த்துவிட்டார். கூடைக் கயிறு நெற்றியில் கிடக்க, பெண்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, கையெடுத்துக் கும்பிடவில்லை, கண்ணைக் காட்டவில்லை. கீழே லயத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எந்தச் சட்டியை முதலில் எடுப்பது என்று யோசிக்கிறவள் மாதிரி. தன்னால் ஒரு நாளும் தலை நிமிர்ந்து நடக்காதவள் இன்றைக்கு வீடும் இல்லாமல் போகப்போகிறாள் என்பது அவருக்கு நெஞ்சில் குத்தியது.

"ஒண்ணுதாங்க தொரை" என்றார் சோலைமலை.

தரையைப் பார்த்துச் சொன்னார். துரை, "என்ன?" என்றார்.

"ஒண்ணுதாங்க. எல்லாம் ஒண்ணுதான்."

ஒரு நாள் பேர் கிடையாது என்பதோடு தண்டனை முடிந்தது. எழுந்து போகும்போது துரைசாணி இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். துரை அதைத் தமிழில் சொன்னார்.

"இனிமே களவு வேணாம். வேணுமின்னா பங்களாவுக்கு வந்து கேளு. தொரைசாணி தருவாங்க. எது கேட்டாலும் தருவாங்க."

கூட்டம் கை தட்டியது. நாகலெட்சுமி மாரியம்மனை நினைத்துக் கும்பிட்டாள். சோலைமலை ஒருவர்தான் பத்துச்சீட்டுக் கையில் வாங்கினவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவர் பட்ட பாடு இருக்கிறதே! பங்களாவிலிருந்து ஈரக் காகிதத்தில் சுற்றிக் கிளைகள் வந்தன. சேதி பரவி, டிஸ்பென்சர் ஐயா கூப்பிட்டுக் கொடுத்தார். தபால் கந்தோரில் கொடுத்தார்கள். பொலிஸ் ஸ்டேசன் பக்கம் போனபோது ராலாமி சிரித்துக்கொண்டே ஒரு கட்டுக் கிளையையே தூக்கிக் கொடுத்தார். நிழல் கட்டினார், சாணி கரைத்து ஊற்றினார். ஒன்று விடாமல் அழுகின. அழுகும் என்று தெரிந்துகொண்டு நட்டால் வேறென்ன ஆகும் என்று சண்முகராஜா கேட்டிருப்பான். சோலைமலை யாரிடமும் எதையும் கேட்கவில்லை. குடையை மூலையில் சாத்திவிட்டார், மழைக்குக்கூட எடுப்பதில்லை.

வாசலுக்கு வருகிறவர்கள், "எத்தனை வகை அண்ணே?" என்று கேட்டால், "ஒரே செடிதாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

நாகலெட்சுமிக்கு இதுதான் தாங்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. களவு நின்றது, மலையில் யாரும் கேலி செய்வதில்லை. ஆனால் அந்த மனிதன் "ஒரே செடிதாங்க" என்று சொல்கிறபோதெல்லாம், அது தனக்காகச் சொன்ன பொய் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு ஆபீஸ் வாசலில் அவர் வாய் எப்படிக் கோணியது என்பதை அவள் கடைக்கண்ணால் பார்த்துவிட்டிருந்தாள். பதினேழு என்று அவர் இன்னொரு தரம் சண்டை போட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஆனி மாதத்து அடைமழையில் ஒருநாள், கொங்காணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வேலை முடிந்து வந்தாள். மழைக்குப் போடுகிற அந்தக் கம்பளிக்குள்ளிருந்து ஒரு சாண் கிளையை எடுத்து, அடுப்போரம் குளிர் காய்ந்துகொண்டிருந்த புருஷன் முன்னால் வைத்தாள்.

"பங்களாவுல குடுத்தாங்களா?" என்றார் சோலைமலை சுரத்தில்லாமல்.

"புல்லு வெட்ட அனுப்புனாங்க. தொரைசாணி அம்மா அங்கதான் நின்னாங்க. வேணுமான்னு கேட்டாங்க."

"ம்."

"வேணாம்மான்னு சொல்லிட்டேன்."

சோலைமலை நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க அந்தப் பக்கம் திரும்புனாங்க. ஒடிச்சிட்டேன்." இதைச் சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. விரலெல்லாம் செடிப் பால் பிசுபிசுத்தது. "எங்கப்பா மேல இருந்து பாத்துக்கிட்டுதான் இருப்பாரு. பாக்கட்டும். மசமசன்னு நிக்காம நட்டு வைங்க."

நட்டார். மழையில் நனைந்துகொண்டே நட்டார். அது பிடித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக நாலு இலை விட்டபிறகு, அடுத்த காம்பரா ராசம்மா வந்து குனிந்து பார்த்தாள். மஞ்சள் கரைத்துத் தெளித்த மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. நாகலெட்சுமிக்கு இனமும் தெரியாது, குலமும் தெரியாது. கைக்கு எட்டினதை ஒடித்திருந்தாள்.

"அண்ணே, இது உங்க ஸ்டேசன் மாஸ்டர் செடிதானே? மொத மொதல்ல வச்சீங்களே?" என்றாள் ராசம்மா.

சோலைமலைக்கு அது அன்றைக்கே, மழையில் குழி தோண்டும்போதே தெரியும்.

"நல்லாப் பாரு புள்ள" என்றார். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, பழைய குரலில் சொன்னார். "அது வேற, இது வேற. இந்த இனம் இந்த மலையிலயே வேற எங்கயும் கிடையாது. இது பதினெட்டாவது."

அரிசி களைந்த தண்ணீரோடு வெளியே வந்த நாகலெட்சுமி அதைக் கேட்டுவிட்டு, கான் பக்கம் போகாமல், சட்டியைச் சரித்து அந்தச் செடிக்கு ஊற்றினாள். மிச்சம் இருந்ததை மற்ற பதினேழுக்கும் ஊற்றினாள்.